தீபாவளி வீட்டில் பழுது: எந்த அறிகுறிக்கு எதை முதலில் பார்ப்பது

என் வீட்டுக்காரர் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். தண்ணீர் மோட்டார் ஓடவில்லை என்று யாராவது வந்து நின்றால், முதலில் "கரண்ட் வருதா, ப்யூஸ் போயிருக்கா?" என்றுதான் கேட்பார். அப்புறம் கெப்பாசிட்டரை மாற்றிப் பார்ப்பார். காயிலைப் பிரிப்பது கடைசியில்தான். பிரித்துவிட்டால் திரும்பக் கட்ட ஆயிரக்கணக்கில் செலவு.

விருதுநகரில் எங்கள் வீட்டில் தீபாவளிக்கு 17 பேர் கூடுவோம். நான் மூத்த மருமகள். கல்யாணமான முதல் ஏழெட்டு வருடம், பண்டிகையில் ஏதாவது உரசல் வந்தால் நாங்கள் எடுத்தவுடன் காயிலைத்தான் பிரிப்போம். "அவ குணமே அப்படித்தான்" என்று ஆரம்பித்து, 1998-இல் யார் கல்யாணப் பந்தியில் யாருக்கு இலை போடவில்லை என்பதில் போய் நிற்கும். ஒரு வருடம் காலை ஐந்தரைக்கு நாத்தனாருக்கும் ஓரகத்திக்கும் பெரிய வாக்குவாதம். எட்டு மணிக்குத்தான் தெரிந்தது, கெய்சர் ட்ரிப் ஆகிக் கிடந்தது. இரண்டு பேரும் பச்சைத் தண்ணீரில் குளித்திருக்கிறார்கள்.

அன்றைக்கு மளிகைக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன். என்ன சண்டை, எத்தனை மணிக்கு, கடைசியில் காரணம் என்னவாக இருந்தது. கீழே இருப்பதெல்லாம் அந்த நோட்டிலிருந்து எடுத்தவை. உங்கள் வீட்டு அறிகுறி எது என்று தேடுங்கள். அதன் கீழ் மேலிருந்து வரிசையாகச் சரிபாருங்கள். எந்த இடத்தில் சரியாகிவிட்டதோ அங்கேயே நிறுத்திவிடுங்கள். அதற்கும் கீழே தோண்ட வேண்டாம்.

அறிகுறி 1: வருகிறவர்கள் வாசலிலேயே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வருகிறார்கள்

பெரும்பாலும் தூக்கமில்லாததுதான். காபி, வெந்நீர், ஒரு மணி நேரம் படுக்க ஓர் அறை. அதுவரை செருப்பைக் கழற்றும்போதே "அவங்க நேத்தே வந்துட்டாங்க, நீங்க ஏன் லேட்டு?" என்று யாரும் கேட்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தூங்கி எழுந்த பிறகும் முகம் மாறவில்லை என்றால், திரும்பிப் போக டிக்கெட் இருக்கிறதா என்று கேளுங்கள். எங்கள் கொழுந்தன் ஒரு வருடம் பண்டிகை முழுக்கப் போனைப் பார்த்தபடியே இருந்தார். வெயிட்டிங் லிஸ்ட் 41-இல் நின்றுபோயிருந்ததாம். ரயில் முன்பதிவு இப்போது பயண நாளுக்கு 60 நாள் முன்புதான் திறக்கிறது. 2024 நவம்பருக்கு முன் இது 120 நாளாக இருந்தது. பழைய கணக்கிலேயே இருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2026-இல் தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. நவம்பர் 6 இரவு கிளம்ப வேண்டும் என்றால் செப்டம்பர் 7 காலை 8 மணிக்குப் பதிவு திறக்கும். போகும் டிக்கெட்டையும் வரும் டிக்கெட்டையும் ஒரே ஆளிடம் ஒப்படைத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் அது கல்லூரி போகும் என் மகளின் வேலை.

அறிகுறி 2: பலகாரம் சொதப்புகிறது, சட்டி முன் நிற்பவர் எரிந்து விழுகிறார்

இங்கே ஆளைச் சமாதானப்படுத்துவது வீண்வேலை. மாவைச் சரிசெய்தால் ஆள் தானாகச் சரியாகிவிடுவார்.

*முறுக்கு பிழியும்போதே அறுந்து விழுகிறதா?* மாவில் ஈரம் போதவில்லை. கையில் தண்ணீர் தொட்டுப் பிசைந்து, ஈரத்துணி போட்டு மூடிவையுங்கள். மின்விசிறிக்குக் கீழே மாவு இருந்தால் அரைமணியில் காய்ந்துவிடும். பல சமயம் விசிறியை நிறுத்துவதே போதும்.

*எண்ணெயில் போட்டதும் பிரிந்து கரைகிறதா?* எண்ணெய் காய்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கிள்ளிப் போட்ட மாவு உடனே மேலே வர வேண்டும். எண்ணெய் சரியாக இருந்தும் பிரிந்தால் வெண்ணெய் கூடிவிட்டது. கொஞ்சம் அரிசி மாவு சேர்த்து மறுபடி பிசையுங்கள்.

*கடிக்க முடியாத அளவு கல்லாக இருக்கிறதா?* வெண்ணெயோ உளுந்து மாவோ குறைவு. இன்னும் பிழியாமல் இருக்கும் மாவில் ஒரு கரண்டி காய்ச்சிய எண்ணெய் விட்டுப் பாருங்கள். ஏற்கெனவே சுட்டதை என்ன செய்வது என்று கேட்காதீர்கள். எங்கள் வீட்டில் அதற்கென்றே பல் உறுதியான ஒரு சித்தப்பா இருக்கிறார்.

*சட்டியில் பட்டென்று வெடிக்கிறதா?* இதில் மட்டும் விளையாட்டு வேண்டாம். அடுப்பை அணைத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள். மாவைச் சலிக்காமல் போட்டால் சீடை வெடிக்கும். அழுத்தி உருட்டினாலும் வெடிக்கும். அந்த மாவை இனி உருண்டையாக உருட்ட வேண்டாம், தட்டையாகத் தட்டிப் போடுங்கள்.

அதிரசத்துக்கு ஒரே ஒரு விதிதான் எனக்குத் தெரியும். முதலில் ஒன்றைப் போட்டுப் பார்க்காமல் ஐந்தைத் தட்டி வைக்காதீர்கள். எண்ணெயில் கரைந்தால் பாகு இளம்பதம். ஈர அரிசி மாவு கொஞ்சம் சேர்த்து ஒரு மணி நேரம் வையுங்கள். விறைப்பாக வந்தால் பாகு முற்றிவிட்டது. துளித் துளியாகப் பால் தெளித்துப் பிசையுங்கள். மாவு கிளறியது முந்தின நாள் சாயங்காலம்தான் என்றால் அதிரசத்தின் மேல் தப்பில்லை. அதற்கு இரண்டு மூன்று நாள் ஊறல் வேண்டும். ஒரு வருடம் இரவு பதினொன்றரைக்கு அத்தை (என் மாமியார்) சட்டியை எட்டிப் பார்த்து, "பாயசம் நல்லா வந்திருக்கும்மா" என்றார். அவர் என்னைக் கேலி செய்த மிகச் சில தருணங்களில் அது ஒன்று. அப்போது அழுதேன்.

வெளியில் கொடுப்பது எப்போது? இரண்டு ஈடு தொடர்ந்து கெட்டுப்போய், மணி இரவு ஒன்பதைத் தாண்டிவிட்டால் அடுப்பை அணையுங்கள். அடுத்த வருடத்துக்குத் தெருவில் பலகாரம் போட்டுக் கொடுக்கும் அக்காவிடம் பத்து நாள் முன்பே சொல்லி வையுங்கள். கடைசி மூன்று நாளில் போனால் அவர்களும் கைவிரிப்பார்கள். வீட்டில் ஒன்றே ஒன்று மட்டும் செய்வது என்று நாங்கள் முடிவெடுத்துச் சில வருடம் ஆகிறது. முறுக்கு வீட்டில், மற்றதெல்லாம் வெளியில். யாரும் எதையும் தவறவிட்டதாகச் சொல்லவில்லை.

அறிகுறி 3: விடிகாலை ஐந்து மணிக்கே குளியலறை வாசலில் சத்தம்

என் நோட்டில் அதிகம் எழுதப்பட்ட பக்கம் இதுதான். ஆட்களைப் பார்ப்பதற்கு முன் கணக்கைப் பாருங்கள். எண்ணெய், சீயக்காய் என்று ஆளுக்கு 12 நிமிடம். 17 பேர், இரண்டு குளியலறை. நான்கரைக்கு ஆரம்பித்தால் கடைசி ஆள் வெளியே வர ஆறேகால் ஆகும். "கங்கா ஸ்நானம் ஆச்சா?" என்று அடுத்த வீட்டுக்காரர் எட்டிப் பார்க்கும்போது பாதிப் பேர் எண்ணெய் வழிய நின்றுகொண்டிருப்பார்கள்.

*குழாயில் தண்ணீரே வரவில்லையா?* ஆளுக்கு மூன்று வாளி, வாளி 15 லிட்டர் என்றால் 765 லிட்டர். 1000 லிட்டர் தொட்டி போதும்போலத் தோன்றும். ஆனால் முந்தின இரவு பாத்திரம் கழுவியதிலேயே பாதி போயிருக்கும். படுக்கப் போவதற்கு முன் ஒரு தடவை, காலை நான்கு மணிக்கு ஒரு தடவை மோட்டார் போடுங்கள். போடுவது யார் என்று பெயர் சொல்லிவிடுங்கள். "யாராவது போட்டிருப்பாங்க" என்று எல்லோரும் படுத்துவிட்டால் யாரும் போட்டிருக்க மாட்டார்கள்.

*தண்ணீர் வருகிறது, சூடு இல்லையா?* 15 லிட்டர், 2000 வாட் கெய்சர் ஒரு நிரப்பு சூடாக 20, 25 நிமிடம் எடுக்கும். அந்தச் சூட்டைப் பச்சைத் தண்ணீர் கலந்து இரண்டு வாளியாக ஆக்கலாம், அவ்வளவுதான். 17 பேருக்குக் கெய்சரை நம்பினால் மதியம்தான் தலை காயும். கொல்லையில் மூன்று செங்கல் வைத்து அண்டாவில் வெந்நீர் போடுங்கள். அதற்கு ஒரு பெரிய ஆள் காவல். குழந்தைகள் அந்தப் பக்கமே போகக் கூடாது.

*எம்சிபி (கரண்ட் கூடினால் தானாக அணையும் சுவிட்ச்) விழுந்துவிட்டதா?* கெய்சரும் இண்டக்ஷன் அடுப்பும் அயர்ன் பாக்ஸும் ஒன்றாக ஓடினால் விழத்தான் செய்யும். ஒன்றை நிறுத்திவிட்டுத் தூக்கி விடுங்கள். கெய்சர் மட்டும் ஓடும்போதே மறுபடி விழுந்தால் திரும்பத் திரும்பத் தூக்கிவிடாதீர்கள். குழாயைத் தொட்டால் சுரீர் என்றால் மெயினையே அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியன். எல்லோரும் அண்டாவுக்குப் போங்கள்.

*தண்ணீர் வெளியே போகாமல் தேங்குகிறதா?* சீயக்காய்த் தூளும் முடியும் ஜாலியில் அடைத்திருக்கும். மூன்று பேருக்கு ஒருமுறை குச்சியால் எடுத்துவிட்டால் போதும். அது தாண்டி உள்ளே அடைத்துக்கொண்டால் பிளம்பர் வேண்டும், ஆனால் தீபாவளிக் காலையில் எந்தப் பிளம்பரும் வரமாட்டார், வரக் கூடாதும்தான், அவருக்கும் தீபாவளி. நாலு நாள் முன்பு ஒரு வாளித் தண்ணீரை மொத்தமாகக் கொட்டிப் பாருங்கள். மெதுவாக இறங்கினால் அன்றைக்கே கூப்பிடுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் சத்தம் என்றால் வரிசைதான் பழுது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு முதலில் எண்ணெய் வைத்துவிட்டு அவர்களைக் கடைசியில் குளிக்க அனுப்புவார்கள். அதுகள் வெடி வெடி என்று வீட்டையே அலறவைக்கும். அடுப்பில் நிற்கப் போகிறவர் முதலில், பிள்ளைகள் அடுத்து, "எனக்கு என்ன அவசரம்" என்று சொல்லும் ஆண்கள் கடைசியில். முந்தின இரவே ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டுகிறோம். ரேஷன் கடை மாதிரி இருக்கிறது என்று நாத்தனார் சிரித்தார். சண்டை நின்றுவிட்டது.

ஒரு எச்சரிக்கை. எண்ணெய் பட்ட தரையில் வயதானவர்கள் வழுக்குவார்கள். ஒவ்வொருவரும் வெளியே வருமுன் தரையில் சீயக்காய் தூவித் தேய்த்துக் கழுவ வேண்டும். யாராவது விழுந்து இடுப்பு வலி என்றால் கைத்தாங்கலாக நடக்க வைத்துப் பார்க்காதீர்கள். படுத்த இடத்திலேயே வைத்து 108.

அறிகுறி 4: சமையல்கட்டில் பாத்திரச் சத்தம் கூடுகிறது, பேச்சு குறைகிறது

இது ஆபத்தான அறிகுறி. அரைமணிக்குள் கவனிக்க வேண்டும்.

முதல் கேள்வி: "சாப்டியா?" நான்கு மணிக்கு எழுந்து பதினொன்றுவரை ஒரு காபியோடு நிற்கிறவரிடம் வேறு எதையும் பேசக் கூடாது. தட்டில் நாலு இட்லி வைத்து, கரண்டியைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, உட்கார வையுங்கள். என் கணக்கில் பாதிப் பழுது இங்கேயே தீர்ந்துவிடுகிறது. இது என்னையும் சேர்த்துத்தான்.

சாப்பிட்டாயிற்று, ஆனாலும் சத்தம் என்றால், யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கூடத்தில் போய் எண்ணுங்கள். ஆளுக்கு ஐந்து இட்லி என்றால் 85. எங்கள் கொப்பரையில் ஒரு ஈடு 16. ஆறு ஈடு, ஈடுக்கு 12 நிமிடம். எடுத்து, ஆற வைத்து, மறுபடி ஊற்றுவதையும் சேர்த்தால் ஒன்றரை மணி நேரம் ஒருத்தி ஆவி முன்னாடியே நிற்க வேண்டும். அந்த நேரம் முழுக்கக் கூடத்திலிருந்து "இன்னும் ரெண்டு இட்லி" என்ற குரல் மட்டும் வந்துகொண்டிருந்தால், கரண்டி பறக்காதது அவளுடைய பெருந்தன்மை.

இதற்குத் தீர்வாக "எல்லாரும் உதவி பண்ணுங்க" என்று சொல்லிப் பார்த்தோம். வேலைக்காகவில்லை. எல்லோரும் உள்ளே வந்து நின்று, யாருக்கும் உப்பு டப்பா எங்கே என்று தெரியாமல், கடைசியில் அவளே எடுத்துக் கொடுத்தாள். இப்போது வேலையைப் பெயர் சொல்லிப் பிரிக்கிறோம். இட்லி ஊற்றுவது நான். சட்னி அரைப்பது ஓரகத்தி. இலை போட்டுப் பரிமாறுவது இரண்டு கொழுந்தன்மார்கள். பாத்திரம் என் வீட்டுக்காரர். முதல் வருடம் அவர் பாத்திரம் தேய்த்ததைப் பார்த்து அத்தை, "மோட்டார் கடைக்காரன் கையிலே விளக்கினா கரி எப்படிப் போகும்?" என்றார். அவரைத் தேய்க்கவே கூடாது என்று சொல்லவில்லை, அதுவே பெரிய விஷயம்.

வேலை பிரித்தும் சத்தம் நிற்கவில்லையா? அப்போது கெப்பாசிட்டர் வரைக்கும் வந்துவிட்டீர்கள். யாரோ ஒருவர் சமையலில் குறை சொல்லியிருப்பார். "எங்க வீட்ல தேங்காய் இன்னும் கொஞ்சம் போடுவோம்" என்பது குறை மாதிரியே இருக்காது. சொன்னவருக்கு ஞாபகமே இருக்காது. கேட்டவருக்குப் பத்து வருடம் ஆனாலும் மறக்காது. கேட்டவரைத் தனியாகக் கூப்பிட்டு, "நானும் கேட்டேன்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னவரைக் கூட்டி வந்து மன்னிப்புக் கேட்க வைக்காதீர்கள். அது காயிலைப் பிரிக்கிற வேலை.

அறிகுறி 5: கறி வெந்துகொண்டிருக்கும்போது "இன்னைக்கு அமாவாசையா?" என்று ஒருவர் கேட்கிறார்

காலண்டரைப் பார்க்காததுதான் காரணம். தீபாவளி சதுர்த்தசியில் வருகிறது. அமாவாசை சில வருடம் அன்றைக்கே பிற்பகல் தொடங்கிவிடும், சில வருடம் மறுநாள்தான். அமாவாசையில் கேதார கௌரி நோன்பு இருக்கிறவர்கள் ஒரு கூரையின் கீழ், இட்லிக்கு ஆட்டுக்கறிக் குழம்பு இல்லாமல் தீபாவளியே இல்லை என்கிறவர்கள் அதே கூரையின் கீழ்.

ஒரு மாதம் முன்பே தினசரிக் காலண்டரில் திதி நேரத்தைப் பார்த்து, நோன்பு யாருக்கு என்று கேட்டு எழுதிவிடுங்கள். ஒரே நாளில் வந்தால் கறியைக் காலைச் சாப்பாட்டோடு முடித்து, அந்தப் பாத்திரங்களைக் கொல்லையில் கழுவி, நோன்புச் சமையல் தனி அடுப்பில். ஒன்றிரண்டு வருடம் நாங்கள் கறியை முந்தின நாள் இரவுக்கு மாற்றினோம். முணுமுணுப்பு இருந்தது. முந்தின நாள் என்பதால் கறிக்கடையில் கூட்டம் குறைவு, அதனால் முணுமுணுத்தவர்களே அடுத்த வருடமும் அதையே கேட்டார்கள்.

அறிகுறி 6: துணிப் பையைப் பிரித்ததும் ஒரு முகம் வாடுகிறது

அளவு சரியில்லையா என்று முதலில் பாருங்கள். பிள்ளைகளுக்கு முக்கால்வாசி அதுதான். பில்லைப் பத்திரமாக வைத்திருங்கள். விலைச்சீட்டைக் கத்தரிக்காமல் கொடுப்பதும், ஒருவருக்கு மட்டும் கத்தரித்துக் கொடுப்பதும் இரண்டுமே வம்பு. பெரியவர்களுக்கு நாங்கள் இப்போது துணியே எடுப்பதில்லை. எல்லோருக்கும் ஒரே தொகை, ஒரே மாதிரி கவர். யார் வீட்டில் யார் பட்டு கட்டினார்கள் என்ற கணக்கு அத்தோடு ஒழிந்தது.

தலைதீபாவளி இருக்கும் வருடம் இது வேறு மாதிரி. பெண் வீட்டுக்கு மாப்பிள்ளை வருகிறார்; மோதிரமா, செயினா, எத்தனை கிராம் என்பதை யாரும் வாய் திறந்து கேட்பதில்லை, எல்லோரும் மனதில் ஒரு எடை போட்டு வைத்திருப்பார்கள். தங்கம் விற்கிற விலையில் இந்த ஊகம் மிகவும் செலவு பிடித்த பழுது. பெண்ணையே நடுவில் வைத்து, பண்டிகைக்கு ஒரு மாதம் முன்பு, "எங்களால இவ்வளவுதான் முடியும்" என்று சொல்லிவிடுங்கள். என் நாத்தனார் மகளின் தலைதீபாவளிக்கு அப்படித்தான் செய்தோம். மாப்பிள்ளை, "எனக்கு மோதிரம் போடுற பழக்கமே இல்ல, அத்தை" என்றார். நாங்கள் மூன்று மாதமாக நகைச்சீட்டு எண்ணிக்கொண்டிருந்தோம்.

ஆனால் மாப்பிள்ளை வீட்டார் இவ்வளவு வேண்டும் என்று கேட்டு, தராவிட்டால் பெண்ணை அனுப்பமாட்டோம், வைத்துக்கொள்ளமாட்டோம் என்றால் அதைப் பண்டிகை மனஸ்தாபம் என்று மூடி வைக்காதீர்கள். அது வரதட்சணை, 1961-இலிருந்தே சட்டப்படி குற்றம். பெண்கள் உதவி எண் 181. அங்கே பேசுங்கள்.

அறிகுறி 7: வெடிப் பெட்டியைச் சுற்றிக் குழந்தைகள் அழுகை

பங்கு பிரிக்காததுதான். சிவகாசி எங்களுக்குப் பக்கம் என்பதால் பெட்டி பெரியது, சண்டையும் பெரியது. முந்தின நாளே ஒரு பிள்ளைக்கு ஒரு பை. மூத்தவனுக்கு லட்சுமி வெடி, சின்னவளுக்குக் கம்பி மத்தாப்பு என்று வயதைப் பார்த்து, எண்ணிக்கை சமமாக. தன் பையைக் காலையிலேயே தீர்த்தவனுக்குச் சாயங்காலம் வேடிக்கைதான். இரண்டாவது வருடத்திலிருந்து அவனே பத்திரப்படுத்துவான்.

நேரம்: 2018-இல் உச்ச நீதிமன்றம் நாளுக்கு இரண்டு மணி நேரம் என்று சொன்ன பிறகு தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8. அக்கம்பக்கத்துச் சண்டையில் பாதி இந்த நேரத்தைத் தாண்டுவதால்தான் வருகிறது. மூச்சுத் திணறல் உள்ளவர்கள் இருந்தால் அந்த இரண்டு மணி நேரமும் அவர்களைப் பின்கட்டு அறையில் உட்கார வைத்து, இன்ஹேலரை எடுத்துக் கையில் கொடுத்துவிடுங்கள். பாம்பு மாத்திரையை மட்டும் வாங்கவே வாங்காதீர்கள். புகையைத் தவிர அதில் ஒன்றும் இல்லை.

வெடிக்காத வெடியைப் போய்த் தொடக் கூடாது. ஒரு வாளித் தண்ணீர் பக்கத்தில் இருந்தால் கொஞ்ச நேரம் விட்டு அதன் மேல் ஊற்றிவிடலாம். சட்டை பருத்தி, காலில் செருப்பு, நீளமான ஊதுவத்தி. தாவணி, துப்பட்டா இடுப்பில் செருகியிருக்க வேண்டும்.

சுட்டுக்கொண்டால் குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் ஓட விடுங்கள். இங்க், பற்பசை, ஐஸ், மாவு எதுவும் வேண்டாம். வீங்குமுன் மோதிரம், வளையலைக் கழற்றுங்கள். உள்ளங்கையை விடப் பெரிய காயம், முகம், கை, மூட்டு, சின்னக் குழந்தை என்றால் வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டு மருத்துவமனை. கண்ணில் பட்டால் கசக்க வேண்டாம், எதையும் எடுக்க முயல வேண்டாம், நேராகக் கண் மருத்துவமனை.

அறிகுறி 8: பிற்பகல் மூன்று மணிக்குக் கூடத்தில் பெரியவர்கள் குரல் உயர்கிறது

நாலு மணிக்கு எழுந்தவர்கள், வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, தூங்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள். பாயைப் போட்டு விளக்கை அணையுங்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நோட்டில் மூன்று மணிச் சண்டைகள் ஒன்பது இருக்கின்றன. அதில் ஐந்து, ஒருவர் தூங்கப் போனதும் முடிந்திருக்கின்றன.

தூங்க மறுத்தால் பேச்சு எதைப் பற்றி என்று கேளுங்கள். கட்சி என்றால் டிவியை மாற்றினால் போதும். நிலம், வீடு, பாகப்பிரிவினை என்றால் அன்றைக்கு ஒரு வார்த்தைகூட முன்னேறாது. "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குப் பங்கு?" என்று ஒரு பெரியப்பா ஆரம்பிப்பார். 2005 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு உண்டு என்பதை அங்கே நிரூபிக்கப் போகாதீர்கள். அதற்கு வக்கீல் இருக்கிறார். தை பிறந்ததும் ஒரு நாள் குறித்து, எல்லோரும் சேர்ந்து அவரிடம் போவது என்று முடிவு செய்துவிட்டுப் பாயை விரியுங்கள்.

பின்வாசல் வழியாக இரண்டு பேர் போய்விட்டு வந்த பிறகு குரல் உயர்ந்திருந்தால் காரணத்தை நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த நிலையில் யாரோடும் வாதாட வேண்டாம், வண்டிச் சாவியை மட்டும் எடுத்து வைத்துவிடுங்கள். கை ஓங்கினால் உறவு பார்க்காமல் 112.

அறிகுறி 9: ஒருவர் மட்டும் ஒதுங்கி உட்கார்ந்திருக்கிறார்

சின்னவர்கள் மாடியிலேயே இருந்தால் கீழே யாரோ கேள்வி கேட்கிறார்கள். மார்க் எவ்வளவு, வேலை கிடைச்சுதா, எப்பக் கல்யாணம், விசேஷம் ஏதும் உண்டா. இதற்கு எங்கள் வீட்டில் ஒரு ஆளை நியமித்திருக்கிறோம். கேள்வி கிளம்பும்போதே, "பெரியம்மா, இந்த முறுக்கைச் சாப்பிட்டுப் பாருங்க" என்று நடுவில் புகுவது அவள் வேலை. முறுக்கு வாயில் இருக்கும்போது கேள்வி வராது.

பெரியவர்கள் என்றால் வேறு. ஒரு வருடம் மாமா (என் மாமனார்) நாள் முழுக்கத் திண்ணையிலேயே இருந்தார். எதற்குக் கோபம் என்று ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னோம். பேரன்தான் போய்க் காதைப் பார்த்தான். காது மெஷினில் பேட்டரி தீர்ந்திருந்தது. பட்டன் அளவு பேட்டரி, தீபாவளியன்று எந்தக் கடையும் இல்லை. இப்போது பூஜை அலமாரியில் ஒரு அட்டை எப்போதும் இருக்கும். கண்ணாடி, பல்செட், முழங்கால் வலி, கழிவறை தூரமாக இருப்பது: இவற்றை முதலில் பாருங்கள்.

அத்தை போன பிறகு வந்த முதல் தீபாவளியை வழக்கப்படி நாங்கள் கொண்டாடவில்லை. அடுத்த வருடம்தான் மாமாவுக்குக் கஷ்டமாக இருந்தது. எல்லோரும் புதுத்துணியில் சிரித்துக்கொண்டிருக்க, அவர் மறுபடி திண்ணையில். இந்த முறை காது மெஷின் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அவரைக் கூடத்துக்கு இழுத்து வரவில்லை. என் மகள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "அப்பாயி அதிரசத்துக்குப் பாகு எப்படித் தாத்தா பாப்பாங்க?" என்று கேட்டாள். ஒரு மணி நேரம் பேசினார். பாகுப் பதம் தவறாகத்தான் சொன்னார்.

தூக்கமும் சாப்பாடும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டிருந்தால், "இனி எனக்கு என்ன இருக்கு" என்ற பேச்சு வந்தால், அது பண்டிகை தீர்க்கும் விஷயம் அல்ல. டாக்டரிடம் கூட்டிப் போங்கள். மனநல உதவிக்கான டெலி மானஸ் எண் 14416, தமிழிலேயே பேசலாம்.

அறிகுறி 10: "நெஞ்சு கரிக்குது"

எண்ணெய்ப் பலகாரமும் கறியும் ஒரே வயிற்றில் என்றால் கரிக்கும். தீபாவளி லேகியம் ஒரு நெல்லிக்காய் அளவு, வெந்நீர், அடுத்த வேளைக்கு ரசம் சாதம். சர்க்கரை உள்ளவர்களுக்கு லேகியத்தில் வெல்லம் இருப்பதை ஞாபகப்படுத்துங்கள். மருந்தாச்சே என்று மூன்று உருண்டை போட்டுக்கொள்வார்கள்.

ஆனால் நெஞ்சை அழுத்துகிற வலி, வியர்வை, இடது கைக்கோ தாடைக்கோ பரவுகிற வலி, மூச்சு வாங்குவது இருந்தால் வாயு என்று சொல்லி லேகியம் கொடுத்து உட்கார வைக்காதீர்கள். 108. பண்டிகை நாளில் ஆளைத் தொந்தரவு செய்ய வேண்டாமே என்று அவரே மறுப்பார். கேட்காதீர்கள்.

அறிகுறி 11: மறுநாள், "என் டப்பாவை யாரு எடுத்தா?"

சிரிக்காதீர்கள். ஒரு எவர்சில்வர் தூக்கு காரணமாக எங்கள் வீட்டில் இரண்டு பேர் கார்த்திகை வரை பேசவில்லை. ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் பலகாரம் கட்டும்போது கைக்குக் கிடைத்த டப்பாவில் போட்டுக் கொடுத்துவிடுகிறோம். அது அடுத்த தீபாவளிக்குத்தான் திரும்பி வரும், மூடி வராது.

முன்கூட்டியே பத்துப் பதினைந்து பிளாஸ்டிக் டப்பா வாங்கி வையுங்கள், திரும்பி வர வேண்டாதவை. எவர்சில்வரில்தான் கொடுத்தாக வேண்டும் என்றால் மூடியின் உள்பக்கம் பெயர் வெட்டிக்கொள்ளுங்கள். வெளிப்பக்கம் வெட்டினால் கொடுக்கும்போதே, "ஏன், நாங்க என்ன எடுத்துட்டா போயிருவோம்?" என்று ஒரு குரல் கேட்கும்.